முதுகுக்குப் பின்னால் டிக் டிக்

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மழைக்கு ஒதுங்கியது ரிவியேர் டு ராம்பார் பஸ் நிலையத்தை ஒட்டிய வீடியோ கேம் கடையில்.

திரையில் ஒரு விண்கப்பல். உள்ளே வேற்றுக்கிரகப் பிராணி ஒன்று ஆளைத் தேடுகிறது. சினிமாவில் பல்லையும் வாலையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். இந்த கேமில் அது கண்ணிலேயே படுவதில்லை. அந்த ஆளின் கையிலுள்ள கருவி 'டிக்... டிக்' என்கிறது. பிராணி நெருங்க நெருங்க அந்தச் சத்தம் வேகமாகிறது.

விளையாடிக்கொண்டிருந்தவள் மாலினி. எங்கள் கார்மென்ட் ஃபேக்டரியில் தைப்பவள். பின்னால் நின்ற என்னை அவள் கவனிக்கவில்லை. சத்தத்தை மட்டும் வைத்தே தப்பித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே கத்துக்கிட்டே?" என்று கடைக்காரர் இந்தத் தீவின் மொழியான கிரியோலில் கேட்டார்.

அவளும் கிரியோலில்தான் சொன்னாள்: "அயோ மாமா, நாள் பூரா எங்களுக்கு இதுதானே! சூப்பர்வைசர் வந்தா நாங்க திரும்பிப் பாக்கறதில்லை. பின்வரிசை மெஷினெல்லாம் திடீர்னு வேகமாகும். கிட்ட வந்துட்டான்னு தெரிஞ்சுக்குவோம்."

அந்த சூப்பர்வைசர் நான்தான். திருப்பூரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து மூன்று வருஷமாகிறது.

சத்தமில்லாமல் மழையில் இறங்கி நடந்தேன்.

இரண்டு மணிக்கு ஃபேக்டரிக்குள் கால் வைத்தேன். கடைசி வரிசை வேகமெடுத்தது. நான் நடக்க நடக்க அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

இத்தனை நாளும் நான் வந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மின்னஞ்சல் குழுவில் மேனேஜர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாளை ஆபீசில் நடக்கும்போது கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் ஒருவன் மட்டும்தானா?