வெடிக்காத தோட்டா

செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர்தான் எங்கள் ரைபிள் கிளப்பின் செயலாளர். வாயைத் திறந்தால் வீரம்தான். நான் என் பிஸ்டலின் மேல்பாகத்தையும் குழலையும் கழற்றிவிட்டு, விலை குறைந்த சின்னத் தோட்டா போடும் ‘கிட்’ என்ற மாற்றுப் பாகங்களை மாட்டித்தான் பயிற்சி செய்வேன். அதைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

“பொட்டுவெடி துப்பாக்கிம்மா இது! இத வெச்சிக்கினு சுடுற உன்ன எப்படிப் போட்டிக்கு அனுப்புறது?” என்றார் ஒரு நாள், எல்லோர் முன்னிலையிலும். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“குடு, எப்படிச் சுடணும்னு காட்டுறேன்” என்று வாங்கினார். நெஞ்சை நிமிர்த்தி, குறிபார்த்து, விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. அந்தச் சின்னத் தோட்டாக்களில் எப்போதாவது ஒன்று வெடிக்காமல் போகும்.

கையை அசைக்கச் சத்தமும் இல்லை, துப்பாக்கி பின்னால் உதைக்கவும் இல்லை. ஆனால் வெடிக்கப்போகிறதே என்ற பயத்திலேயே மாவீரரின் கை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. கண்கள் இரண்டையும் இறுக மூடியிருந்தார். பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டோம்.

“தோட்டா சரியில்லம்மா” என்றார்.

“நல்லதாப் போச்சுங்க. வெடிச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றேன்.

அந்த முறை போட்டிக்குப் போனவர்களில் நான் இல்லை, அவர் இருந்தார். இப்போதும் கிளப்பில் வீரம் பேசுகிறார். நான் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு, அவருடைய கண்ணிமைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.