வேலிக்கு வெளியே நின்ற லென்ஸ்

கேமராவுக்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்ற நிலை. பிரைம் லென்ஸ் என்றால் ஜூம் ஆகாது. ஆளின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். அதனால் ஜூம் லென்ஸ் வாங்கினேன்.

எம். புதுப்பட்டி சாலையில், ஒரு பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே நின்று அதைச் சோதித்துப் பார்த்தேன். உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு பெண் சரவெடி பின்னிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வைகூடப் படத்தில் துல்லியமாக விழுந்தது. அன்றே ஃபேஸ்புக்கில் போட்டேன். பாராட்டுக் குவிந்தது.

ஷெட்டை விட்டு மரத்தடியில் பட்டாசு வேலை செய்யக் கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும். படத்தின் அழகில் அது நினைவுக்கு வரவில்லை. படம் அதிகாரிகள் கண்ணில் பட்டு, சோதனை வந்தது. மரத்தடியில் உட்காரச் சொன்ன கம்பெனியே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். என் செல்போனை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் எடுத்துருக்கீக. எங்கன நின்னு எடுத்தீக?”

“வேலிக்கு வெளிய, ரோட்டுலக்கா.”

“பக்கத்துல வந்து கேட்டிருந்தா, வேண்டாம்யா, வேலை போயிரும்னு சொல்லியிருப்பேன்ல.”

இப்போது என்னிடம் பிரைம் லென்ஸ்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். ஆனால் கூச்சம் என்று நான் சொல்லிக்கொண்டது பொய். யாரும் என்னிடம் வேண்டாமென்று சொல்ல முடியாத தூரத்தில் நிற்கத்தான் அந்த ஜூம் லென்ஸை வாங்கியிருக்கிறேன்.