ரிமோட்டுக்குத் தைத்த சட்டை

ஆம்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் வீட்டில் எந்தப் பொருளும் அம்மணமாக இருக்க முடியாது. வேலூரில் எங்கள் வீட்டு மூக்குக் கண்ணாடிக்குத் தோல் உறை, கத்தரிக்கோலுக்குத் தோல் உறை, டார்ச் லைட்டுக்கு இடுப்பில் மாட்டும் வசதியோடு தோல் உறை. எல்லாம் என் மனைவியின் அண்ணன் உபயம். அவர் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். துண்டுத் தோலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த பிறகு நான் ஒரு பழைய கார் வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் அதில் ரிமோட் பூட்டும் சைரனும் பொருத்தியிருந்தார். பட்டனை அழுத்தினால் பூட்டும், மறுபடி அழுத்தினால் திறக்கும். ரிமோட் இல்லாமல் சாவி போட்டுத் திறந்தாலோ, நாலு ஆம்புலன்ஸ் சேர்ந்து வருவதுபோல் அலறும். அதே ரிமோட்டை அழுத்தினால்தான் அடங்கும்.

மச்சான் அந்த ரிமோட்டைப் பார்த்தார். "இன்னா மாப்ள, இத இப்டியே வச்சிருக்கீங்க?" என்றார், குழந்தைக்குச் சட்டை போடாததைக் கண்டவர்போல. எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே அளவெடுத்து, கறுப்புத் தோலை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் சிவப்பு நூலில் தைத்த உறை வந்தது. பட்டனைத் தோலுக்கு மேலேயே அழுத்திக்கொள்ளலாம். ரிமோட்டை உள்ளே தள்ள எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"டைட்டா இருக்கே மச்சான்?"

"போடப் போட லூசாயிடும் மாப்ள."

அவர் தந்த எல்லா ஷூக்களுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறார். நானும் நம்பியிருக்கிறேன். என் சுண்டுவிரல்கள் சாட்சி.

பிறகு ஆம்பூர் சர்ச்சில் மச்சான் மகளுக்குக் கல்யாணம். வேலூரிலிருந்து மூன்றடுக்கு வெள்ளை க்ரீம் கேக்கைக் கொண்டுவருவது என் பொறுப்பு. வேறு எந்தப் பொறுப்பையும் என்னிடம் கொடுக்க அந்தக் குடும்பம் துணியவில்லை. கேக்கில் வழியோரத் தோல் பதனிடும் ஷெட்களின் வாடை ஏறிவிடும் என்று மனைவி ஜன்னல்களை இறுக்கி ஏற்றிவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது ஆராதனை ஆரம்பமாகியிருந்தது. வளாகத்தில் இருந்த ஒரே நிழலில் கம்பெனி பஸ் நின்றது. நான் வெயிலில் நிறுத்தினேன்.

"மொதல்ல உள்ள போய் அண்ணன் கண்ல படுவோம். அப்புறம் நீங்க வந்து கேக்க எடுத்துக்கலாம்" என்றாள். வழக்கம்போல் உறையைப் பிசைந்து பிசைந்து, நாலாவது அழுத்தில் பூட்டினேன். 'டிக்' என்றது. அது பேட்டரியின் கடைசி மூச்சு என்று எனக்கு அப்போது தெரியாது.

மச்சான் கண்ணில் பட்டுவிட்டு வெளியே வந்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டே போய் அழுத்தினேன். தலைக்கு மேல் தூக்கி அழுத்தினேன். காரைச் சுற்றி வந்து, அதற்குப் பிடித்த பக்கம் எது என்று தேடினேன். கண்ணாடிக்கு அப்பால் மேலடுக்கின் க்ரீம் ரோஜா தலை சாய்த்துக்கொண்டிருந்தது. ரிமோட் பழுதானால் என்ன செய்வது என்று விளக்கும் புத்தகம் என்னிடம் உண்டு. படித்தவன் வீட்டில் புத்தகத்துக்கா பஞ்சம்? அது காருக்குள் இருந்தது.

எதிரே வாட்ச் கடைக்கு ஓடினேன். உறையைக் கழற்றிப் புது பேட்டரி போட்டு அழுத்தியதும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. "அண்ணன் பாத்தா வருத்தப்படும், உறையோடயே வச்சிருங்க" என்ற மனைவியின் கட்டளை நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்து, ரிமோட்டுக்கு மறுபடி சட்டையை மாட்டி, திரும்பி வந்து அழுத்தினேன். கார் என்னை யாரென்றே கேட்கவில்லை.

மச்சானின் பிரிவில் வேலை செய்யும் இருவர் பிரசங்கத்துக்குத் தப்பி வெளியே நின்றிருந்தார்கள்.

"இன்னா சார், தொறக்கலயா?"

ஒருவர் ரிமோட்டை வாங்கி உறையை முகர்ந்தார். மற்றவர் தையலில் நகத்தை ஓட்டினார்.

"ஆட்டுத்தோலு. நைஸா இருக்கு."

"ஃபினிஷிங்க பாரு. நம்ம சார் கைதான்."

"கேக் உருகுதுப்பா" என்றேன்.

அப்போதுதான் காருக்குள் பார்த்தார்கள். முகர்ந்தவர் யோசனை சொன்னார். "அடுத்தது பாட்டு சார். ட்ரம்ஸ், கீபோர்டு எல்லாம் இருக்கு. நல்லா ஏறிப் போறப்ப சாவியப் போடுங்க. எவனுக்கும் கேக்காது."

சுமாரான யோசனைகளை நான் சந்தேகிப்பேன். இவ்வளவு மோசமானவற்றை உடனே ஏற்றுக்கொள்வேன். பாட்டு தொடங்கியது. ட்ரம்ஸ் ஏறியது. சாவியைத் திருப்பினேன். அதே கணத்தில் பாஸ்டர், நேரமாவதால் இத்தோடு பாட்டை நிறுத்தி மணமக்களுக்காக மௌனமாக ஜெபிப்போம் என்றார்.

அந்த மௌனத்தில் என் கார் ஜெபித்தது.

நான் கேக்கைத் தூக்குவதா, காதைப் பொத்துவதா என்று நிற்க, பட்டுப்புடவையில் மனைவி ஓடிவந்தாள். "குடுங்க அத!" உறையைப் பிடித்து இழுத்தாள். தையல் 'பர்ர்' என்றது. ரிமோட்டை வெளியே எடுத்து ஒரே அழுத்து. ஊர் அமைதியானது.

"உறைக்குள்ள பட்டன் அமுங்கியே கெடக்கு. அமுங்கின பட்டன எத்தினி தபா அமுக்குவீங்க? பேட்டரி பின்ன எப்படி நிக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது அவளுக்குப் பின்னால், கோட்டில் ரோஜாவோடு, மணமகளின் தகப்பன் நின்றிருந்தார். கேக்கைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மனைவி கையிலிருந்த கிழிந்த உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் இருவரும் விறைப்பாக நின்றார்கள்.

"தையல்ல தப்பில்ல மாப்ள" என்றார் கடைசியில். "கட்டிங்ல ரெண்டு மில்லி கம்மியா வெட்டிட்டானுங்க."

"கட்டிங் ஆளுங்களுக்கு எப்பவும் இதே வேல சார்" என்றார்கள் இருவரும்.

வெட்டிய ஆள் அவரேதான் என்பதை என் சாப்பாட்டு மேசை அறியும். மேசையைப் போலவே நானும் இருந்துவிட்டேன்.

கேக் பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேலடுக்கு நடு அடுக்கில் பாதி இறங்கியிருந்தது. ஆல்பத்தில் அது மாப்பிள்ளைக்குக் குனிந்து வணக்கம் சொல்வதுபோல் இருக்கும். பிரியாணி காத்திருந்ததால் யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை.

கல்யாணக் களைப்புத் தீர்ந்ததும் மச்சான் புது உறை கொண்டுவந்தார். ரிமோட்டோடு ஒரு எலுமிச்சம்பழமும் வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. போடப் போட டைட்டாயிடுமா மச்சான் என்று கேட்க நினைத்தேன். மனைவி பார்த்த பார்வையில், "பிரமாதம்" என்றேன்.