கார் பார்க்கிங்கை நிறுத்திய டச்சுக் கிடங்கு

இன்று காலை பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு இறால் வாங்கப் போனேன். இறாலை மறந்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே நடந்தது அப்படி.

ஏரிக்கரையில் பாழடைந்து நிற்கும் டச்சுக்காரர் கிடங்கை இடித்துவிட்டு, மாடி வைத்த கார் பார்க்கிங் கட்டப் போகிறார்களாம். கான்ட்ராக்டர் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

பக்கத்து இரண்டு குப்பங்களிலிருந்தும் மீனவர்கள் வந்தார்கள். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதில் எப்போதும் முட்டிக்கொள்பவர்கள்.

"இத்த இடிச்சா எங்களுக்கு எல்லை இன்னா?" என்றார் ஒருவர்.

படகிலிருந்து பார்த்தால், கிடங்கின் மூலையும் பின்னால் இருக்கும் பள்ளிவாசல் மினாராவும் ஒரே நேராக வரும் கோடுதான் எல்லையாம். அதற்கு வடக்கே ஒரு குப்பம், தெற்கே இன்னொன்று.

"போன்லயே ஜிபிஎஸ் இருக்குதேண்ணே," என்றார் கான்ட்ராக்டர்.

"இருக்குது நைனா. சண்டைனு வந்தா இவன் போன்ல ஒரு கோடு காட்டுவான், நான் என் போன்ல ஒரு கோடு காட்டுவேன். இந்த மூலைய எவன் நகத்துவான்?"

எதிர்க்குப்பத்துக்காரர், "அவன் சொல்றது கரெக்ட்டு," என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"மேல கேட்டுட்டு வர்றோம்," என்று கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கைதட்டியே விட்டேன்.

போன மாதம் இதே பக்கத்தில், 'பழவேற்காட்டில் கார் நிறுத்த இடமே இல்லை' என்று பதிவு போட்டுப் புலம்பியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை இறாலுக்கு பஸ்ஸில் போகிறேன். அன்று அதற்கு லைக் போட்டவர்கள் யார் யார் கூட வருகிறீர்கள்?