முசிறியில் ஆமாம், தில்லைநகரில் இல்லை

என் அண்ணன் பொய் சொன்னான். எந்த இடத்தில் சொன்னது பொய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. போன வருஷம் தில்லைநகரில் அவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் திமிர் என்றான். அடுத்த மாதமே முசிறியில், அவன் மாமனார் இறந்த வீட்டு வாசலில், சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது எனக்கு ஆட்டிசம் என்றான். இரண்டில் ஒன்று பொய். எது என்று அவன் இன்றுவரை ஒழுங்காகச் சொல்லவில்லை.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் அப்பா அம்மா இருந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். தினமும் டோல்கேட் போய் பஸ் மாறி மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போகிறேன். ஆபீஸில் பில் போடுகிற வேலை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்கு ஒன்றும் செய்யாது. காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை ஒரே மாதிரி இருக்கும். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரமும் மைக்கும் பிள்ளைகள் கத்துவதும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்குப் பல் கூசும், வாந்தி வரும். "மில்லுல உக்காந்து வேலை பாக்குறவளுக்கு மண்டபத்துல மட்டும் காது வலிக்குதாக்கும்" என்று அண்ணி சொல்வாள். அவள் கேட்பதும் நியாயம்தான். எனக்கே பதில் தெரியாமல்தான் இருந்தது.

ஆபீஸில் என்னோடு ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவளுடைய சின்ன மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுவாள். சட்டைக் கழுத்தில் இருக்கிற துணி லேபிளை வெட்டினால்தான் போட்டுக்கொள்கிறாளாம். மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாளாம். குழம்பு தயிர்ச்சோற்றில் பட்டுவிட்டால் அந்தத் தட்டையே தொட மாட்டாளாம். முகத்தைப் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டாளாம்.

கேட்டுக்கொண்டே என் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். "இதெல்லாம் எனக்கும் இருக்கே" என்றேன்.

"அக்கா, விளையாடாதீங்கக்கா. எம்பொண்ணு இன்னும் என்னை அம்மான்னு கூப்பிடல. நீங்க ஆடிட்டர்கிட்டயே சண்டை போடுறீங்க."

அவள் கஷ்டம் வேறு. ஆனால் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். என் ஜாக்கெட், சுடிதார், நைட்டி எதிலும் லேபிள் இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

முகம் பார்க்கிற விஷயத்துக்கு அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "கண்ணைப் பாக்க முடியலன்னா பொட்டைப் பாரு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது." அதையே பிடித்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் அது ஒரு வசதி. ஆம்பளைகள் நெற்றியிலும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா, என் நெத்தியையே பாக்குற?" என்று கேட்டாள். "பொட்டு கொஞ்சம் கோணலா இருக்கு" என்றேன். கோணலாகத்தான் இருந்தது. அவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். அந்தக் கதையை அண்ணன் இன்றைக்கும் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிறான்.

எல்லாமே இப்படித்தான். மற்றவர்களுக்குத் தானாக வருவது எனக்கு மனப்பாடம் செய்தால்தான் வரும். பெரியவர்கள் வந்தால் எழுந்து நில். அவர்கள் சிரித்தால் நீயும் சிரி. கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாதே, "போயிட்டு வரேன்" என்று சொல். கடைசி விதியை மறந்து "போறேன்" என்று சொன்னதற்கு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு தப்பியதே இல்லை. எந்த வீட்டு வாசலில் செருப்பு மாட்டினாலும் என் வாய் அதைச் சொல்லிவிடும். நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இதில் யாருக்கும் புரியாத ஒன்று அசதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் பேச வாய் வராது. மூட்டை தூக்கிவிட்டு வந்ததுபோல் தரையில் படுத்துக்கிடப்பேன். பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க முடியாது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்டவளுக்கு என்ன அசதி என்று கேட்கிறார்கள். பில் போட்டதில் அல்ல. நாள் முழுக்க மனுஷி மாதிரி நடந்துகொண்டதில் வருகிற அசதி.

முதலில் பார்த்த டாக்டர் பெரியவர். நான் பாதி சொல்லும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். "பஸ் ஏறி வேலைக்குப் போறீங்க. தெளிவா பேசுறீங்க. உங்களுக்கு ஏம்மா இதெல்லாம்? தனியா இருக்கீங்க, அதான். கோயிலுக்குப் போங்க." நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். இன்னும் எந்தக் கோயிலுக்குப் போவது என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இரண்டாவது டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வேற காரணமும் இருக்க முடியும். நீங்க சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது சொல்ல முடியும். அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"அம்மா செத்துட்டாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன் இருக்கான். தில்லைநகர்லதான்."

"அப்ப ஒரு தடவை வரச் சொல்லுங்க. அவர் சொன்னாப் போதும்."

இதைத்தான் அண்ணனிடம் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் வந்து, என்னைச் சின்ன வயதில் எப்படிப் பார்த்தானோ அதைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவன் அவன் ஒருவன்தான்.

டிவியை நிறுத்தாமலேயே கேட்டான். "உனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்க. செல்லுல கண்டதையும் பாத்துட்டு வந்து பேசுறியா?"

"டாக்டர் கேக்குறாங்கண்ணே."

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எனக்கும்தான் சத்தம் புடிக்காது. உனக்கு யாரையும் அனுசரிச்சுப் போகத் தெரியாது. திமிரு. அதுக்கு இப்ப ஒரு பேரு வெச்சிருக்கானுங்க."

அண்ணி காபியை வைத்தாள். "பாப்பாவுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். இந்த நேரத்துல அத்தைக்கு அப்படி இப்படின்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"சித்திரைத் தேர் ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"எந்தத் தேரு?"

அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. தேர் பார்க்கச் சுற்று ஊர் ஜனமெல்லாம் வந்து தெரு கொள்ளாமல் நிற்கிறது. வேட்டுப் போடுகிறார்கள். எல்லோரும் ஒரே குரலில் ரங்கா ரங்கா என்கிறார்கள். நான் கீழே உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வெட்கம், அடிக்கிறாள். அண்ணன்தான் என்னை இழுத்துக்கொண்டு ஒரு பாத்திரக்கடைக்குள் போனான். அண்டாக்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து இரண்டு காதையும் தன் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு எதிரில் குத்தவைத்தான். வெள்ளரிக்காய் தின்ற கை, மிளகாய்ப்பொடி வாசனை. தேர் கடக்கும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் தேர் அன்றைக்கு அவன்தான் என்னைக் கடைக்குள் கூட்டிப்போவான். அவன் கடைசிவரை தேரைப் பார்த்ததில்லை, என்னால். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டியவன்தான் எந்தத் தேர் என்று கேட்கிறான்.

அடுத்த மாதம் அண்ணியின் அப்பா இறந்துபோனார். முசிறியில். போகாமல் இருக்க முடியாது. டோல்கேட்டில் முசிறி பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சாவு வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், நாமாக உள்ளே போக வேண்டும். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், உதறக் கூடாது. கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் இறங்கி வந்துவிட வேண்டும். திரும்ப வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவு என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அம்மா செத்தபோது வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள். என்மேல் கோபம்போல என்று நினைத்து அழுதேன். அண்ணன்தான் விளக்கினான். "லூசு, சாவு வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுடி." அதுவரை எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

முசிறியில் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பறைச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊதுபத்திப் புகை, மாலை வாசனை, யார் யாரோ மேலே விழுந்து அழுதார்கள், உதறவில்லை. அண்ணியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தூக்கிக்கொண்டு போய் வெகு நேரம் கழித்துத்தான் எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். வாய் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஆம்பளைகள் திரும்பி வருகிற நேரம். அண்ணியின் அண்ணன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார்.

"என்னது? திரும்ப வருதாமா? யாருக்கு நாள் குறிச்சுட்டுப் போகுது, எங்க அம்மாவுக்கா?"

ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். "நாக்குல சனி" என்று இன்னொருத்தி சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அப்போதுதான் அண்ணன் நடுவில் வந்தான்.

"மச்சான், மனசுல வெச்சுக்காதீங்க. அவளுக்கு ஆட்டிசம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். என்ன பேசுறோம்னு தெரியாது."

சின்ன வயதிலிருந்தே. அந்த வார்த்தையைத்தான் டாக்டரிடம் வந்து சொல்லச் சொன்னேன்.

உடனே எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. "அடப் பாவமே" என்றார்கள். மண்ணைத் தூற்றிய அதே கிழவி வந்து என் கன்னத்தைத் தடவினாள். அண்ணியின் தங்கை ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, "குடி... ம்மா... குடி" என்று காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னாள். போன வருஷம்வரை அவளுடைய கடன் கணக்கு வட்டியெல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது அண்ணன் காரில் வந்தேன். அண்ணி அங்கேயே தங்கிவிட்டாள். குணசீலம் தாண்டி ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே பின்னால் வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றினான், பாட்டை நிறுத்தினான், வண்டியை ஓரம்கட்டி லாரியைப் போகவிட்டான்.

"அப்ப டாக்டர்கிட்ட வரியாண்ணே?"

"எதுக்கு?"

"அங்க சொன்னியே."

"அது சமாளிக்கச் சொன்னது. அந்த எடத்துல வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? உனக்கு ஒண்ணும் இல்ல. பேசாம வா."

அதிலிருந்து இந்த ஒரு வருஷத்தில் பல தடவை கேட்டுவிட்டேன். போனை எடுக்க மாட்டான். எடுத்தால் வண்டி ஓட்டுகிறேன் என்பான். இப்போது மாமனாருக்குத் தலைத்திவசம் வருகிறது. "நீ வர வேண்டாம், நான் சொல்லிக்கிறேன்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். என்ன சொல்லிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். முசிறியில் எனக்கு வியாதி. தில்லைநகரில் எனக்குத் திமிர். அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்லப்போகிறானோ, அது மூன்றாவது.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. இல்லை என்று டாக்டர் சொன்னால் சரி என்று வந்துவிடுவேன். ஆனால் பார்க்காமலே இருக்கிறது என்றும், பார்க்காமலே இல்லை என்றும் வசதிப்படி சொல்ல நீ யார் அண்ணே? கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். இனிமேல் போனில் கேட்கப்போவதில்லை.

அண்ணே, திவசத்துக்கு நான் வருவேன். அதே வாசலில், அதே மச்சான், அதே கிழவி எல்லோரும் இருப்பார்கள். நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அது டாக்டர் வேலை. அந்தப் பாத்திரக்கடையில் என் காதை எதற்குப் பொத்தினாய்? அதை மட்டும் அவர்கள் முன்னால், என் பொட்டைப் பார்த்துச் சொல்லு.