ஜாக்கிக்கு வைத்த தோல்

மகன் பழைய ஜாக்கியைப் பிரித்ததும் எண்ணெயில் ஊறிய தோலின் வாசம் அடித்தது. "வாஷரை மாத்தினா போதும்மா. புதுசு இன்னாத்துக்கு?" என்றான்.

அப்பாவும் இதைத்தான் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் ஆம்பூர் பஸ் ஷெட்டில் அவர் மெக்கானிக். உள்ளே எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தோல் வாஷர் தேய்ந்துபோய், தூக்கிய பஸ்ஸை ஜாக்கி மெல்ல மெல்லக் கீழே விட்டது. முதலாளி மெட்ராஸிலிருந்து புதுசு தருவிக்கிறேன் என்றார். "நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?" என்று அப்பா தடுத்துவிட்டார்.

தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்த மாணிக்கம் அவருக்கு உயிர் தோஸ்த்; எனக்கு மாமா. ஆவாரம்பட்டை நாறும் அந்தக் கொட்டகைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். முதுகுத் தோல்தான் அழுத்தம் தாங்கும். பிறை போலச் சூட்டுத் தழும்பு விழுந்த ஒரு முதுகுத் தோலைப் பொறுக்கி, "இதுலயே வெட்டுடா" என்றார்.

"நான் பாத்துக்கறேன், நீ போ."

மாமா கொடுத்தனுப்பிய வாஷரை அப்பா வளைத்துக்கூடப் பார்க்கவில்லை, தோஸ்த் கொடுத்ததாயிற்றே. மறுநாள் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பஸ் இறங்கி அவருடைய இரண்டு விரல்களை நசுக்கியது. ஜாக்கியைப் பிரித்தால், உள்ளே துவண்டு கிடந்தது வயிற்றுத் தோல்.

மாமா பார்க்க வந்தார். "நீ காட்டின தோல்லதான்டா வெட்டினேன்" என்றார். அழ வேறு செய்தார். அப்பா வாசலில் மாமா கழற்றிவிட்ட புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். குதிகால் படும் இடத்தில் அந்தப் பிறை இருந்தது.

"தோலு யாருடா தர்றது?" என்று மகனைக் கேட்டேன்.

"என் தோஸ்த்துதாம்மா."

"புதுசே வாங்கிடு."