நடுக்கம் கூடிய கையெழுத்து

வங்கியில் அவளைப் பூதக்கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பத்தொன்பது வருடமாக அவள் வேலை. ஆட்களின் முகம் மறந்துபோகும், கையெழுத்து மறக்காது. யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து கையெழுத்திட்டார்கள் என்பதைக்கூட அவள் சொல்லிவிடுவாள் என்று மேலாளர் கேலி செய்வார்.

வாடிக்கையாளர்களில் ஒரு அச்சகக்காரரின் கையெழுத்து மூன்று வருடமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. முதலில் சுழிவில் லேசான நடுக்கம். போன வருடம் இரண்டு இடத்தில் பேனா நின்று, மறுபடி கிளம்பியிருந்தது. பாவம், மனுஷருக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொள்வாள். போலி போடுகிறவர்கள் மாதிரியை அப்படியே பார்த்து வரைவார்கள். இது மாதாமாதம் மாறியதால் அவளுக்குச் சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டட உரிமையாளருக்குக் கொடுத்த வாடகைக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று இரண்டே வரி. காசோலை வந்ததும் திருப்பி அனுப்பினாள். உரிமையாளர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். பதினைந்து நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. வழக்குப் போட்டார். வங்கிக்கும் சாட்சி அழைப்பு வந்தது, இவள்தான் போனாள்.

நீதிமன்றத்தில் அச்சகக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்றாவது தரம், "வந்திருக்கேன்" என்று ஒரு ஒல்லியான பெண் எழுந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதி.

"அவரு சம்சாரங்க."

"அவரு எங்க?"

"தவறி மூணு வருஷம் ஆச்சுங்கய்யா."



"அப்போ கையெழுத்து?"

"நான்தான் போட்டேன். கணக்கு அவரு பேருல இருந்துச்சு. அச்சகம் நின்னுடக் கூடாதுன்னு வங்கியில சொல்லல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "பணம் இல்லாம திரும்பினாலும் சரி, நிறுத்தச் சொல்லித் திரும்பினாலும் சரி, செக் கேஸ் கேஸ்தாம்மா. ஆனா செத்தவர் மேல இத நடத்த முடியாது. அவர் பேருல நீங்க கையெழுத்துப் போட்டது வேற குத்தம். புகார் வந்தா ஜெயில் வரைக்கும் போகும்."

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். நடுக்கத்த ஏன் கூட்டிக்கிட்டே போனீங்க?"

"நான் கூட்டலம்மா. கடைசி காலத்துல அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. வருஷா வருஷம் அதிகமாகும்னு டாக்டர் சொன்னாரு." தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. "பேனாவ எடுத்தா அதுவா வருது."

"நிறுத்தச் சொன்ன கடிதம்?"

"எழுதின ஞாபகமே இல்ல. காலைல மேசை மேல இருந்துச்சு. கட்டடக்காரரோட எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. எங்க அவருக்குத்தான் ஆகாது."

அப்போது நீதிமன்றக் குமாஸ்தா அந்தப் பெண்ணிடம் வாக்குமூலத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்திட்டாள். அச்சகக்காரரின் கையெழுத்து.

"உங்க பேர எழுதுங்கம்மா."

வெகுநேரம் யோசித்தாள். பேனா தாளைத் தொட்டதும் நடுங்கியது. மறுபடியும் அவர் கையெழுத்தே வந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து, அவள் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு அந்தப் பெண் அச்சகத்தின் பெரிய இயந்திரத்தை விற்று வாடகை பாக்கியைத் தீர்த்தாள். உரிமையாளர் அத்தோடு விட்டுவிட்டார், போலீசுக்குப் போகவில்லை. வங்கி அந்தக் கணக்கை மூடியது. தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று அதுவும் புகார் கொடுக்கவில்லை; அக்காவிடம் மட்டும் விளக்கம் கேட்டது.

அக்கா சாக்குச் சொல்லாமல் அரைப்பக்கம் எழுதினாள். சாப்பாட்டு நேரம், அறையில் ஆளில்லை. கீழே யார் கையெழுத்து வருமோ என்று பேனாவை வைக்காமல், யாராவது உள்ளே வரட்டும் என்று காத்திருந்தாள்.